வேலியில் இரண்டு கொடி

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று விழுப்புரமே நடுங்கிய வருஷம். காணைக்குப் பக்கத்தில் கண்ணையனுக்கு அந்தப் பயமெல்லாம் மறந்துபோயிற்று. அவன் ஒரே மகன், நாலு வயதுச் சீனுவாசன், தங்கள் மல்லாட்டைக் காட்டிலேயே மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டான். வேலியிலிருந்து ஏதோ பழம் பறித்து அவனுக்குத் தின்னக் கொடுத்தவள் அம்சா. அவளுடைய அம்மா கோவிந்தம்மாள் அதே காட்டில் கடலைச் செடி பிடுங்குகிற கூலிக்காரி.

“என்னா பழம்டி குடுத்த?” என்று கண்ணையன் கத்தினான்.

“கோவப்பழம்,” என்றாள் அம்சா. ஆறு வயசு. வேலியில் சிவந்ததெல்லாம் அந்த வயசுக்குக் கோவைப்பழம்தான்.

வண்டியில் வந்து இறங்கிய வைத்தியர் சுப்பராயலு பையனின் கண்ணை இழுத்துப் பார்த்தார். “கோவன்னா பயமில்ல. ஐவிரலின்னா வெசம், அவுரி வேரு அரைச்சி ஊத்தணும். வெசம் இல்லாம சும்மா ஊத்தினா பச்சப்புள்ள தாங்காது. கோவிந்தம்மா, அந்தக் கொடிய அறுத்துக்கினு வா, ஜல்தி!”

“ஐவிரலியா மட்டும் இருக்கட்டும், ஒம்பொண்ணு தோல உரிச்சிடறேன்,” என்றான் கண்ணையன்.

வேலியில் இரண்டு கொடியும் பின்னிக் கிடந்தன. கோவையில் பழுத்தவை எல்லாம் உச்சியில், கிளி குடைந்து கிடந்தன. கீழே, பிள்ளைக் கை எட்டும் இடத்தில், விரித்த விரல் மாதிரி இலை, உருண்டைப் பழம், சிவப்பில் வெள்ளைக் கோடு. காம்புகள் புதிதாகக் கிள்ளப்பட்டிருந்தன. சந்தேகமே இல்லை, ஐவிரலி.

கோவிந்தம்மாள் தெய்வத்துக்குப் பயந்தவள்தான். கண்ணையனுக்கு அதைவிடப் பயந்தவள். கோவைக்கொடியை அறுத்துக்கொண்டு போனாள்.

“கோவதான்,” என்றார் சுப்பராயலு. “வெயிலு ஒத்துக்கல. நீராகாரம் குடுங்க.”

பாவி, அவளுக்குப் போன உயிர் வந்தது. பையன் சுருண்டு கிடந்த பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

வைத்தியர் வண்டியில் ஏறும்போது வரப்பில் ஓக்கரிப்புச் சத்தம் கேட்டது. அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். நீயும் தின்றாயா என்று அதுவரை ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. பெற்றவளும் கேட்கவில்லை.

“ஐயா, போவாதீங்க!” கோவிந்தம்மாள் ஓடிப்போய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். “நான் கொண்டாந்தது வேற கொடிங்க. ரெண்டு புள்ளைங்களும் தின்னது ஐவிரலிங்க. ரெண்டுத்துக்கும் ஊத்துங்க!”

சுப்பராயலு குதித்து இறங்கினார். அவுரி வேர் அரைபட்டது. பையனுக்கு ஊற்றிவிட்டு, மீதியைக் கொட்டாங்குச்சியில் சாய்த்துக் கோவிந்தம்மாளிடம் நீட்டினார்.

அதற்குள் கண்ணையன் சாட்டையை எடுத்துவிட்டான். முதல் அடி முதுகில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் அம்சாவின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, “முழுங்குடி கண்ணு, முழுங்கு,” என்று கடைசிச் சொட்டுவரை சிந்தாமல் ஊற்றினாள்.