ஆம்புலன்ஸுக்கு ஒரு மீசை

உக்ரைன் சுதந்திர தின விழாவுக்கு முன்பே பானி மிரோஸ்லாவா ஸோரியானாவிடம் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஓரமெல்லாம் சிவப்புப் பூவேலை. எட்மன்டன் உக்ரைன் சங்கத்தின் தலைவி அவள்; மரியாதைக்கு எல்லாரும் 'பானி', அதாவது அம்மணி, என்பார்கள். பிறந்தது கனடாவில், உக்ரைனைப் பார்த்தது நாட்காட்டியில்.

"மேடையேறி ரெண்டு வார்த்தை பேசு ஸோரியானா. மூணாவது வார்த்தைக்கு அழுதுடு. போன வருஷம் ஒருத்தி அழுதா பாரு, உண்டியல் வாளி ரொம்பிப்போச்சு."

"எனக்கு அழுகையே வராதுங்க, பானி."

"வெங்காயம் வேணுமா? சமையல்கட்டுல மூட்டையா கிடக்கு."

ஸோரியானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன செய்ய? போர்முனையில் அவள் கணவன் ஓஸ்தாப்பின் படைப்பிரிவில் ஆம்புலன்ஸ் எரிந்துபோய், காயம்பட்டவர்களைக் காய்கறி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வருட வசூல் புது ஆம்புலன்ஸுக்குத்தான். அழுதால் வண்டி, அழாவிட்டால் வெறும் கைதட்டல்.

விழாவன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடைத் திரையில் கூரைக் குடிசை, நாரை, சூரியகாந்தி. ஸோரியானா போருக்குத் தப்பி வரும்வரை கார்கிவ் நகரில் பதினான்காவது மாடியில் குடியிருந்தவள். நாரையை அவளும் நாட்காட்டியில்தான் பார்த்திருக்கிறாள்.

அவளைப் பேச அழைத்தவர் வாசில் கிழவர். வருடா வருடம் கொசாக் வேஷம், அதாவது அந்தக் கால உக்ரைன் குதிரைவீரர் வேஷம், அவருக்குத்தான். தொளதொளவென்று சிவப்புக் கால்சட்டை, மரவாள், பசை போட்டு ஒட்டிய பெரிய மீசை.

"நாங்க குனியமாட்டோம்!" என்று முழங்கினார். மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"ஒருநாளும் விழமாட்டோம்!"

மீசை விழுந்தது. அதுவும் எங்கே? உக்ரைன் வழக்கப்படி விருந்தாளியை வரவேற்க மிரோஸ்லாவா ஏந்தி நின்ற ரொட்டியின் மேல், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். விருந்தாளியாக வந்த நகரசபைக்காரர், இதுவும் இவர்கள் வழக்கம்போலும் என்று மீசைக்குப் பயபக்தியோடு தலைவணங்கினார்.

மேடையேறி நின்ற ஸோரியானாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணீர் கொட்டியது, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. சபை அப்படியே எழுந்து நின்றது. எங்கும் மூக்குச் சிந்தும் சத்தம். வாளி நிரம்பியதும், பீட்ரூட் சூப் அண்டாவைக் கழுவி எடுத்து வந்தார்கள்.

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. அத்தனை நாள் ஓஸ்தாப்பை நினைத்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த மேடையில் உடைந்து வந்தது.

"போன வருஷத்துக்காரியத் தூக்கிச் சாப்பிட்டுட்டடி!" என்றாள் மிரோஸ்லாவா, அவள் காதோரம்.

ஓஸ்தாப் தொலைபேசியில் கேட்டான்: "நீ அழுதியாமே?"

"மீசைக்காகடா."

நடந்ததைச் சொன்னாள். பதுங்குகுழி முழுக்க ஆண்கள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

வண்டி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு படம் வந்தது. ஆம்புலன்ஸ் முகப்பில் பெரிய கறுப்பு மீசை வரைந்திருந்தார்கள். வாசில் கிழவர் உடனே அதற்குச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டிவிட்டார். "வீரனுக்கு வீரன் செய்யற மரியாதை!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஸோரியானாவின் கண் மீசையில் நிற்கவில்லை. படத்தில் மீசைக்குக் கீழே, தூக்குப்படுக்கையில், கால் முழுக்கக் கட்டோடு, பல்லைக் காட்டிக்கொண்டு ஓஸ்தாப் படுத்திருந்தான். அந்த வண்டி உயிரோடு கொண்டுவந்த முதல் ஆள் அவன்தான்.