லைன்லயே இருங்க

வாசல் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சி ஹாட்லைனுக்கு ஃபோன் செய்த தையல்காரர், "லைன்லயே இருங்க" என்று சொல்லப்பட்டதால், டெலிபோன் லைனுக்குள் போய்விட்டார். ஆபீஸ் சொன்னதை ஒருநாளும் மீறாத மனிதர். எச்சில் துப்பாதே என்று எழுதிய சுவருக்கு எதிரே இருமக்கூட மாட்டார். மனைவி வந்து பார்த்தபோது செருப்பும் அளவு நாடாவும் தரையில் கிடந்தன, ரிசீவர் ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"லைன்லதான். சத்தம் போடாத, இப்பக் கூப்பிடுவாங்க."

நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டிய ஹாட்லைன் அது. 'மக்களின் குரல் எங்கள் காதில்' என்று பலகை வைத்திருந்தார்கள். எந்தக் காதில் வாங்கி எந்தக் காதில் விடுவார்கள் என்று எழுத இடம் போதவில்லை. உள்ளே சும்மா இருக்க முடியாத தையல்காரர், தம்மைப்போல் காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். தெருவிளக்கு எரியாதவர், நாய் கடித்தவர், பேச ஆளில்லாமல் மணி கேட்கக் கூப்பிட்ட பெரியவர், பாலத்தின் மேல் நின்றுகொண்டு கடைசியாக ஒரு எண்ணை அழுத்திய பெண். அவளுக்குச் சட்டைக் காலர் தைப்பது எப்படி என்று வெயில் தாழும்வரை விளக்கினார். அலுத்துப்போய் அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அந்த ஆண்டின் சிறந்த சேவைக்கான விருது ஹாட்லைனுக்குக் கிடைத்தது. தலைவர் வாங்கிக்கொண்டார்.

மனைவி ஆபீசுக்குப் போனாள். புகாரை எப்போதோ மூடிவிட்டதாகச் சொன்னார்கள். காரணம், புகார்தாரர் தொடர்பில் இல்லை. அழுது மன்றாடி மறுபடி திறக்க வைத்துவிட்டுப் படியிறங்கியவளை டெலிபோன் லைன்மேன் ஒருவன் ஓரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, தண்ணி வந்தா ஃபோன் கால் முடிஞ்சுடும். கால் முடிஞ்சா உள்ள இருக்கறவரு வெளிய வர மாட்டாரு, இல்லாமப் போயிடுவாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பா ரயில்வே விசாரணை லைன்ல இருந்தாரு. வண்டி வந்துடுச்சுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவள் அடுத்த தெருவில் தண்ணீர் பிடித்து, சத்தம் கேட்காமல் பின்வாசல் வழியே கொண்டுவந்தாள். ரிசீவருக்குத் தலையணை போட்டாள். "தண்ணி வந்துச்சா?" என்று அவர் கேட்பார். "தண்ணியாவது, வர்றதாவது" என்பாள். மகளின் கல்யாண உடுப்புக்கு ஒயர் வழியாகவே அளவு சொன்னார். தோள் மட்டும் கொஞ்சம் இறுக்கம். உள்ளே இருந்தவர் மகள் வளர்ந்ததைப் பார்க்கவில்லை அல்லவா. பேரன் பிறந்தான். அவனுக்குத் தாத்தா என்றால் கறுப்பாக, சுருள் ஒயரோடு இருப்பவர்.

தேர்தல் நெருங்கியதும் நகராட்சிக்குக் குழாய் ஞாபகம் வந்தது. ஒரு காலை அது தொண்டையைச் செருமிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. அவள் ஓடிப்போய் மூடுவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"வந்துடுச்சு போல."

அவள் வாளியை இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"ஏம்மா, அப்ப வெச்சிடட்டுமா?"

"இருங்க," என்றாள். "வாளி நிறையட்டும்."

சரி என்றார். சொன்ன சொல் கேட்கிறவர் அவர்.

குழாய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாளியில் தண்ணீர் எப்போதும் விளிம்புக்கு ஒரு விரல் கீழேதான் நிற்கும். அந்தத் தெருவில் போகிற எவரும், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.