பத்துச் சீவல்

காற்று படக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த மெழுகுக் கட்டியைச் சீவும் கருவியில் மாட்டினேன். நான் பல்லைக் கடித்த கடியில் கத்தியே தேவைப்பட்டிருக்காது. இது மூன்றாவது தடவை. கட்டிக்குள் இருப்பது ஒரு வேன் டிரைவரின் நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த சதை, நூல் துண்டு போல, நகத்தின் நீளம்கூட இல்லை. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் கட்டி மயிரிழையளவு சாய்ந்துதான் உட்காரும். அதைச் சமன்செய்ய முதல் சில சீவல்கள் குப்பைக்குப் போகும். மெழுகு போனால் போகட்டும், கூடவே அந்த மனிதரின் சதையும் அல்லவா போகிறது!

முதல் நாளே எங்கள் லேப் டாக்டரிடம் கேட்டேன். "ஜீன் டெஸ்டுக்கும் சேத்து இப்பவே சீவி வச்சிடட்டுமா, டாக்டர்? திரும்பத் திரும்ப மாட்டினா வீணாப் போயிடும்."

"மொதல்ல புத்துநோயான்னு பாப்போம்மா. ஆர்டர் இல்லாம எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி?"

அவர் கேட்ட அளவு மட்டும் சீவிவிட்டுக் கட்டியைக் கழற்றி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, புற்றுநோய்தான், எந்த வகை என்று பிடிபடவில்லை, இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மறுபடி மாட்டினேன், மறுபடி வீணாயிற்று. இன்று காலை, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் ஜீன் டெஸ்டுக்கான சீட்டை மேஜையில் வைத்து, "சீக்கிரம் அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்துச் சீவல் வேண்டும். குறைந்தால் ஜீன் டெஸ்ட் செய்யும் வெளி லேப் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் மறுபடி ஊசிதான்.

டிரைவரின் மனைவி நேற்று ஜன்னலில் வந்து நின்றாள். "இன்னொரு தடவை குத்த விடமாட்டேன்னுட்டாருக்கா. போன தடவையே நுரையீரல்ல ஓட்டை விழுந்து நாலு நாள் படுத்துட்டாரு. எடுத்ததே போதும்ல?"

"போதும்" என்று சொல்லித் தொலைத்தேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

புதுக் கத்தி, புதுக் கையுறை. தட்டைத் துடைத்துச் சுத்தமான தாள் விரித்தேன். இந்தத் தடவை சமன்செய்யும்போது விழுந்த அரைகுறைச் சீவல்களையும் இடுக்கியால் பொறுக்கி, அனுப்பவேண்டிய குழாயில் போட்டேன், மூன்று. பிறகு முழுச் சீவல்கள் ஆறு. ஆறாவதிலேயே சதை ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "பத்து வந்துச்சா?"

"அன்னைக்கே முந்தியிருந்தா இருபது வந்திருக்கும் டாக்டர்."

அவர் கைபேசியைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார். ஏழாவதைச் சீவினேன். சதை இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அதற்குப் பின்னால் வெறும் மெழுகு. அரைகுறைகளையும் கணக்கில் எடுத்தால் பத்து. எடுப்பார்களா?

கடைசிச் சீவல் குழாய்க்குள் போகாமல் துள்ளி என் கையுறையின் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள் அவள். 'போதுமா?' உதடு மட்டும் அசைந்தது.

பொறு என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்தபடி நின்றேன், தூக்கிய விரலின் நுனியில் அந்தச் சீவல் ஆடிக்கொண்டிருந்தது.