போதுமா என்று கேட்ட படிவம்

குச்சவெளியில் அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் மூன்று மாதம் வாய்க்கால் வெட்டியவர்களுக்கு அன்று கடைசி நாள். மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தர் ஒரு படிவத்தைக் குழுத் தலைவர் இரத்தினசிங்கத்திடம் கொடுத்தார். வேலையின்மையைக் குறைக்க இந்தத் திட்டம் போதுமா என்பது கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள் இருந்தன.

இரத்தினசிங்கம் ஹோட்டல் சமையற்காரர். ஹோட்டல் மூடி இரண்டு வருடமாகிறது. அவர் ‘இல்லை’ப் பெட்டியில் அடையாளமிடப் போனார்.

கூட வேலை செய்த பஹ்மியா தடுத்தாள். “இல்லை எண்டு போட்டா, பிரயோசனமில்லை எண்டு திட்டத்தையே நிப்பாட்டிருவாங்க அண்ணன்.”

“போதும் எண்டு போட்டாலும், இனி என்னத்துக்கு எண்டு நிப்பாட்டலாம், தங்கச்சி. நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கோ?”

“இல்லைதான். ஆனா இந்த மூண்டு மாசமும் பிள்ளைகள் ஒரு நாளும் பட்டினி கிடக்கல்ல. அதப் பொய்யெண்டு சொல்ல ஏலாது.”

இரத்தினசிங்கமும் இந்த மூன்று மாதமாகத்தான் ஒழுங்காக உறங்கியிருந்தார்.

“நடுவில எழுத இடமில்லையோ சேர்?” என்று உத்தியோகத்தரிடம் கேட்டார்.

“இல்லை ஐயா. இப்பிடித்தான் எனக்கும் தந்துவிட்டவங்கள்.”

இரத்தினசிங்கம் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்: ‘வேலை உதவியது. மூன்று மாதம் போதாது.’ பஹ்மியா வாசித்துவிட்டுக் கீழே தானும் கையெழுத்திட்டாள்.

“பெட்டி வெறுமையா இருந்தா கணக்கெடுக்க மாட்டாங்கள்,” என்றார் உத்தியோகத்தர் தயக்கத்துடன்.

“பரவாயில்லை, கொண்டு போங்கோ.”

இருவரும் மண்வெட்டிகளைக் கழுவி ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸுக்காகத் தெருவோரம் போய் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் கதைக்க இருவருக்கும் அலுப்பாக இருந்தது.