வேலுத்தாய் அமுக்கிய சின்னம்

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் ஊதுபத்தி சொருகிக்கொண்டிருந்த பாண்டிசெல்வியின் சேலையைப் பிடித்து இழுத்தாள் மாமியார் வேலுத்தாய்.

"ஏட்டி செல்வி, மணி என்னாச்சு?"

"ரெண்டரை அத்தை. திருப்பூர்லேருந்து மதினி வந்ததும் நாலு மணிக்கு எடுக்கணும்னு சின்ன மாமா சொல்லுதாவ."

"அப்ப நேரம் கெடக்கு. டிவி மேல என் பூத் சிலிப்பு இருக்கு. எடுத்துட்டு வா."

பாண்டிசெல்விக்கு முதலில் காதில் விழுந்ததே சரியா என்று இருந்தது. பெட்டிக்குள் மாமனார் தவசிமுத்து வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். அந்தச் சட்டையே ஓட்டுப் போடப் போட்டதுதான். காலையில் ஆறேமுக்காலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கெளம்புட்டி, முத ஆளா போடணும்" என்று உள்ளே குரல் கொடுத்தார். வேலுத்தாய் தலை சீவிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆள் போய்விட்டார். எழுபத்தெட்டு வயசு, நோய் நொடி கிடையாது, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கல்யாணச் சாவு என்று மம்சாபுரமே சொன்னது. கொட்டு மேளம் வந்து இறங்கியிருந்தது. தேர்தலுக்காகப் பிராந்திக் கடை மூடியிருந்தபடியால், துட்டி கேட்க வந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் நிதானமாக நின்றார்கள். இந்தத் தெருவில் அப்படி ஒரு அதிசயத்தைப் பாண்டிசெல்வி கண்டதில்லை.

விஷயம் வாசலுக்குப் போனதும் தவசிமுத்துவின் தம்பி பால்பாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"மதினி, பொணம் வீட்ல கெடக்கையில பொஞ்சாதி வாசப்படி தாண்டலாமா? ஊரு என்ன பேசும்?"

"ஊரே அங்கதான வரிசையில நிக்கு."

"இந்த ஒரு தடவை விட்டாத்தான் என்ன?"

"அவியளுக்கு ஓட்டு போச்சு. எனக்கும் போகணுமாக்கும்? எடுத்த பொறவு பதினாறு நாளு என்னைய மூலையில உக்கார வச்சிருவிய. மெசினு அதுவரைக்கும் காத்துக் கெடக்குமா?"

வேலுத்தாயின் அம்மா முத்தாத்தாள் சாகும்வரை ஓட்டே போட்டதில்லை. முதல் தேர்தலுக்குப் பேர் எழுத வந்தவர்களிடம், தன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு, "இன்னார் சம்சாரம்னு எழுதிக்கோங்க" என்றிருக்கிறாள். அப்படி எழுதினால் செல்லாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளாகப் போய்க் கேட்கவில்லை. மகள் விவரமானவள். கல்யாணமான புதிதில் முதல் ஓட்டுக்குப் போனபோது, சீட்டைக் கொடுத்த அதிகாரி சொன்னாராம்: "யாருக்குப் போட்டீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லம்மா. வீட்டுக்காரர்கிட்டகூட." வாசலில் நின்ற தவசிமுத்து, "நான் சொன்ன சின்னத்துலதான குத்துன?" என்று கேட்டதற்கு, "சொல்லக் கூடாதுன்னுட்டாவ" என்றாள். நாற்பத்தைந்து வருஷமாக அதே பதில்தான்.

அவரும் சும்மா விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைக்கிலோ பால்கோவா வாங்கி வந்து கேட்டார்; பால்கோவா தீர்ந்தது. ஆண்டாள் சந்நிதியில் வைத்துக் கேட்டார். கும்பிட வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்றுவிட்டாள். ஒரு வார்டு தேர்தலில் அவருடைய கூட்டாளி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். "அந்த ஒண்ணு நீதானட்டி?" என்று மூன்று நாள் சோறு வேண்டாமென்று கிடந்தார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் தட்டை இழுத்தார். பாண்டிசெல்வி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கூத்துதான். அவளோ, புருஷன் வினோத் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிற ரகம்.

அவள் டிவி மேலிருந்து சிலிப்பை எடுத்தாள்.

"சின்ன மாமா, பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

பால்பாண்டி, அண்ணன் மகன் என்ற முறையில் வினோத்தைப் பார்த்தார். வினோத் பந்தல் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

நெற்றிப் பொட்டும் தலையில் பூவுமாக வேலுத்தாய் தெருவில் நடந்தாள். வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடத்தில் வரிசை தானாக விலகி வழி விட்டது. வரிசையில் நின்ற கிருபாபாய் டீச்சர் குடையைக் கொண்டுவந்து பிடித்தாள். உள்ளே பட்டியலை வைத்திருந்த இளவயசு அதிகாரி பேரை உரக்கப் படித்துவிட்டு, அதற்கு முந்திய வரியையும் பார்த்தாள்.

"தவசிமுத்து உங்க வீட்டுக்காரரா? அவர் வரலையா?"

"இனிமே வரமாட்டாவ தாயி. காலையிலதான் போனாவ. அந்தப் பேர்ல வேற எவனும் வந்து போட்டுராம பாத்துக்கோங்க."

பூத் ஏஜெண்டுகள் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அவர்கள் மூன்று கட்சி. ஆள் மாறி ஒருவரும் கள்ள ஓட்டுப் போட தவசிமுத்து விட்டதில்லை என்பதும், அதற்காக மூன்று பேரையுமே ஒவ்வொரு சமயம் ஏசியிருக்கிறார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

விரலில் மை வைத்துக்கொண்டு வேலுத்தாய் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். மெசின் நீளமாகக் கத்தி ஓய்ந்தது. கண்ணாடிக்குள் விழுகிற சீட்டையும் நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் குமரியின் முகம் போலிருந்தது அவள் முகம். பாண்டிசெல்வியும் போட்டாள். திரும்புகிற வழியில் யாருக்குப் போட்டாய் என்று மாமியார் கேட்கவில்லை. இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது நன்றாகவே இருந்தது.

திருப்பூர் மகள் வந்து அழுது முடித்ததும் பெட்டியைத் திறந்தார்கள். பெண்டாட்டி கடைசியாக முகம் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் உம்மென்றிருந்த பால்பாண்டிக்கும் அடக்க முடியவில்லை.

"மதினி, எங்க யாருக்கும் சொல்ல வேண்டாம். அண்ணன் காதுலயாவது சொல்லிருங்க. அந்த ஏக்கத்தோட அவரு போகவேண்டாம்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொட்டு மேளம் நின்றது. நாற்பத்தைந்து வருஷத்து ரகசியம் என்பதால் வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வேலுத்தாய் குனிந்தாள். தடுமாறி விழுந்துவிடக் கூடாதே என்று பாண்டிசெல்வி தோளைப் பிடித்துக்கொண்டாள். அதனால் அவளுக்கு மட்டும் கேட்டது.

"சொல்லமாட்டேன், போங்க."

வேலுத்தாய் நிமிர்ந்து அவருடைய கன்னத்தை ஒருதரம் தடவினாள். பால்பாண்டி, என்ன சொன்னாள் என்று பாண்டிசெல்வியைக் கண்ணால் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. மருமகள் உடைந்துவிட்டாள் என்று நினைத்து, சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள்.