நூற்று அறுபத்து மூன்று பேரின் தெரு

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணியிலிருந்து அந்தத் தெருவுக்குள் நூற்று அறுபத்து மூன்று பேருக்கு மேல் ஒருவராலும் நுழைய முடியாமல் போனது. காரணம் ஒரு ஆட்சேபணை மனு. இரண்டு மாடி வீடுகள் இருக்கும் இடத்தில் ஆறு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக்கொள்ளலாம் என்று விதியை மாற்றப் போகிறார்கள் எனத் தெரிந்ததும், அதுவரை காம்பவுண்டுச் சுவருக்காக ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தவர்கள்கூட ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். வீடு கிடைக்காமல் அலைகிறவர்கள்மேல் அவர்களுக்கு நிறைய இரக்கம் இருந்தது. அவர்கள் அடுத்த தெருவில் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார்கள்.

மனுவை எழுதியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். முப்பது வருஷம் சாலை முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணெதிரே இருப்பதை மட்டும்தான் எண்ண வேண்டும், வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் வராததை எண்ணக் கூடாது என்பது அந்த வேலையின் முறை. அதே முறைப்படி ஒரு ஞாயிறு விடியலில் வீடு வீடாக ஏறித் தலைகளை எண்ணி, ‘இத்தெரு நூற்று அறுபத்து மூன்று பேருக்கானது, அதற்குமேல் ஒருவரையும் தாங்காது’ என்று எழுதினார். அவருடைய ஒரே மகள் அப்போது ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் இருந்தாள். அவளை விட்டுவிட்டோம் என்பது சாயங்காலமே அவருக்கு உறைத்தது. ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, மறுநாள் விசாரணை, திருத்தினால் திரும்பவும் எல்லாப் படியும் ஏறி இறங்க வேண்டும். ஒரு ஆள்தானே என்று விட்டுவிட்டார்.

விசாரணை முடிந்து, புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அதிகாரி மனுவை ஏற்று முத்திரை குத்தினார். அன்று மதியம் இரட்டை டியூட்டி முடிந்து வந்த மகள், முனையில் இருக்கும் பல் டாக்டர் வீட்டுக் கேட்டை நோக்கி இருபது நிமிஷம் நடந்தாள். கேட் பத்தடி தள்ளியே இருந்தது. கையில் சாவி இருந்தது, மொட்டைமாடியில் அவளுடைய யூனிஃபார்ம் காய்வதும் தெரிந்தது. கால் ஓய்ந்து ஆஸ்பத்திரி விடுதிக்கே திரும்பிப் போனாள். சில வாரங்களில் தெருவின் போக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. எண்ணப்பட்டவர்கள் வேலைக்குப் போகலாம், வரலாம். ஒரு ராத்திரி வெளியே தங்கினால் இடம் போய்விடும், முனையில் வரிசையில் நிற்கும் முதல் ஆள் உள்ளே வந்துவிடுவார். ஐந்தாம் வீட்டு மருமகள் பிரசவத்துக்குப் போனவள் போனவள்தான். சங்கக் கூட்டத்தில் எண்ணை ஒன்று கூட்டித் திருத்தலாமா என்று தலைவர் மெல்லக் கேட்டபோது, இன்று ஒன்று என்பார்கள், நாளைக்கு ஆறு மாடி வந்து நிற்கும் என்றார்கள். அது அவரே சொல்லிக்கொடுத்த வாதம்.

இரண்டு வருஷம் அவர் மனைவி தினமும் முனைக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் வருஷம் பக்கவாதம் வந்து படுத்தாள். புரட்டிப் படுக்க வைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை, முதுகெல்லாம் புண். மகளிடம் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்படி அவள் குழறிக் குழறிச் சொன்னாள். போனால் திரும்பி வர முடியாதே என்று அவர் மறுத்துவிட்டார். மகள் அதற்குள் வரிசையில் முதல் ஆளாக இருந்தாள். அவள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு ராத்திரி மட்டும் வெளிய தங்குங்கப்பா. நான் உள்ள வந்து அம்மாவப் பாத்துக்கறேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு முனைவரை வந்தார். மகள் எதிரே பத்தடியில் நின்றாள். விதியை மாற்றுவது பற்றி மறுபடி விசாரணை வரப்போகிறது, தெருவில் குடியில்லாதவர் தலைவராக இருக்க முடியாது.

“விசாரணை முடியட்டும்மா. பத்து நாள்தானே” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்த இடத்தில் அவருக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் மகள் வழக்கம்போல் ஒரு காலை எடுத்து வைத்தாள். பல் டாக்டர் வீட்டுக் கேட் பக்கத்தில் வந்தது. அடுத்த அடியில் அதைத் தாண்டிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கொடுத்து வைத்தவள் என்றாள் ஒருத்தி. அவள் அங்கேயே சற்று நேரம் நின்றாள், பிறகு நடந்தாள், ஓடவில்லை.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து, மனைவி தூங்குகிறாள் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“எப்படிம்மா உள்ள வந்தே?”

“அம்மா எனக்கு எடம் விட்டுட்டாங்கப்பா.”

அவருக்குப் புரிய விசிறி இன்னும் நாலைந்து தடவை ஆட வேண்டியிருந்தது. விசாரணையில் தெருவே ஜெயித்தது. மகள் பகல் டியூட்டிக்கு மாறிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு விடியலில் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தார். மகள் எண்ணுவதற்கு வசதியாக வாசலிலேயே நின்றாள். நூற்று அறுபத்து மூன்று, சரியாக இருந்தது.