தாளில் இல்லாத பதில்

மடுல்கெல்லக் கோப்பித் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது சாக்கு அடுக்கும் கொட்டகையின் ஒரு மூலைதான். அதையும் மூடிவிடலாம் என்று கணக்கப்பிள்ளை ராஜலிங்கம் துரையிடம் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கதையை ராகம் போட்டுப் பாடுகிறார்களே தவிர, ஒரு விவரத்தை வாசித்துச் சொல்லத் தெரியவில்லையாம். துரை கண்டியிலிருந்து தமிழில் ஓர் அச்சுத்தாள் வரவழைத்தார்: கோப்பிக் கன்று நடும் முறை. மாதக் கடைசியில் வந்து அதிலிருந்து கேள்வி கேட்பதாகவும், பதில் வராவிட்டால் மூடுவதாகவும் சொன்னார்.

கணக்கப்பிள்ளை சொன்னது பொய்யில்லை என்பது வாத்தியார் இராமகிருஷ்ணனுக்குத் தெரியும். குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டால், பத்து வயதுப் பாப்பம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலைப்பிலிருந்து ராகம் எடுப்பாள். நடுவில் தொடங்கினால் படிப்பு தங்காது என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நம்பிக்கை. பாதி வழியில் கேள்வி மறந்துபோகும். வாய்க்கு வந்த ஆழத்தைச் சொல்லிவைப்பாள். கதையில் விட்டுப்போனதை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்று வாத்தியார்தானே பழக்கியிருந்தார்.

சில நாள் போனது. ஒரு விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைக் கடக்கும்போது வாத்தியார் நின்றார். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் ஊர்க்கதை பேசியபடி நின்றார்கள்; தன் பேர் வந்தபோது மட்டும் ஒவ்வொருத்தியும் தலை நிமிர்ந்தாள். களம் காலியான பிறகும் அவர் நகரவில்லை.

"இந்தத் தாளு கதையில்ல, பெரட்டு," என்றார் அன்று பிள்ளைகளிடம். "வேண்டிய பேரை மட்டும் தேடுங்க. பேர் இல்லேன்னா ஆள் வரலேன்னு சொல்லுங்க. நீங்களா ஆளைச் சேர்க்காதீங்க."

மாதக் கடைசியில் துரை வந்தார். குழியின் ஆழம் கேட்டார். பாப்பம்மாவின் விரல் வரிகளில் இறங்கி நின்றது. ஒன்றரை அடி என்றாள். கன்றுக்குக் கன்று இடைவெளியும் சரியாக வந்தது. கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நட்ட செடி எத்தனையாவது வருசம் காய்க்கும் என்று தாளைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

விரல் கடைசி வரி வரை போயிற்று. மறுபடி மேலிருந்து இறங்கியது.

"மூணாம் வருசம்னு எங்க ஆத்தாவுக்குத் தெரியும்ங்க," என்றாள் பாப்பம்மா. "இந்தத் தாள்ல இல்லீங்க."

கணக்கப்பிள்ளை தாளை வாங்கினார். உதடுகள் அசைய முழுவதும் வாசித்தார், திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

துரை சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் நடக்கட்டும் என்றார். வெளிச்சம் போதவில்லை, இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் குதிரையை நோக்கி நடந்தார். ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று கணக்கப்பிள்ளை கேட்டபோது, வாத்தியார் சுவரருகே போனார். பாப்பம்மா உட்காரும் பக்கமாகக் கையைக் காட்டினார்.